எனக்கு நோயில்லை என்று மைக்கில் சொன்னார் அத்தா

இது நடந்து இரண்டு வருடம் இருக்கும். மே மாதக் கடைசி. மழை இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று கொச்சியில் எங்கள் மட்டாஞ்சேரி முழுக்க வியர்த்து வழிந்துகொண்டிருந்த சமயம். எங்கள் பூர்வீகம் கம்பம் பக்கம். அத்தா, அதாவது அப்பா, கல்யாணத்துக்கு முன்பே கொச்சிக்கு வந்து, பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிற கடை போட்டவர். நான் பிறந்தது, வளர்ந்தது, படித்தது எல்லாம் இங்கேதான், அதுவும் மலையாளத்தில். தமிழ் எழுத அம்மாதான் வீட்டில் சொல்லிக்கொடுத்தார். ஆகவே இதில் பிழை இருந்தால் பாதி அவரைச் சேரும்.

காலேஜ் முடித்து ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஃபோனை நோண்டிக்கொண்டிருந்தபோது, இளைஞர்களை வெளிநாட்டுக்குத் தொண்டு வேலைக்கு அழைத்துப் போகும் ஒரு அமைப்பின் அறிவிப்பு கண்ணில் பட்டது. டான்சானியாவில் ஒரு மலைக் கிராமம். பல நாட்டுப் பிள்ளைகளோடு பத்து வாரம் கூடாரத்தில் தங்கி, ஊற்றிலிருந்து பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர்க் குழாய் பதிக்க வேண்டும். எனக்கு என்ன தோன்றியதோ, விண்ணப்பித்துவிட்டேன். வீடியோ காலில் இரண்டு முறை பேசினார்கள். பிறகு, நீ தேர்வாகிவிட்டாய் என்று மெயில் வந்தது. சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியாமல் அதை நாலைந்து தடவை படித்தேன்.

எங்கள் தெருவில் வெளிநாடு என்றால் வளைகுடா. போனால் சம்பளம், வந்தால் பெட்டி நிறையச் சாமான். வேறு மாதிரி வெளிநாடு யாருக்கும் தெரியாது. அதனால் அத்தா முதலில் கேட்டது சம்பளம் எவ்வளவு என்றுதான்.

“சம்பளம் கெடையாதுத்தா. நாமதான் ஒரு பங்கு கட்டணும்.”

அத்தா கையிலிருந்த அளவு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு என்னையே பார்த்தார். “வேலையும் செஞ்சு, காசும் குடுக்கணுமா?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. மனுஷருக்கு உண்மையிலேயே புரியவில்லை. எனக்கும் புரிந்திருந்தால் விளக்கியிருப்பேன். போக வேண்டும் என்று மட்டும் ரொம்ப ஆசையாக இருந்தது. கடல் ஓரத்திலேயே பிறந்து வளர்ந்து, அதைத் தாண்டி ஒரு தடவைகூடப் போகாதவள் நான்.

அந்த அமைப்பில் இன்னொரு விதி இருந்தது. பங்கை வீட்டிலிருந்து எடுத்துக் கட்டக் கூடாது. நம்மைச் சுற்றியிருக்கிற ஜனங்களிடம் விஷயத்தைச் சொல்லித் திரட்ட வேண்டும், அப்போதுதான் ஊரே சேர்ந்து அனுப்பிவைத்த மாதிரி இருக்குமாம். ஜூன் முடிவதற்குள் கட்டாவிட்டால் என் இடம் வேறு ஒருவருக்குப் போய்விடும்.

அதை எப்படித் திரட்டுவது என்று யோசித்தபடியே மற்ற தயாரிப்புகளில் இறங்கினேன். முதுகில் பாரத்தோடு தினமும் நடந்து பழகச் சொல்லியிருந்தார்கள். பையில் அரிசியை நிரப்பிக்கொண்டு விடிந்ததும் பஜார் ரோட்டில் சுக்கு, மிளகு குடோன்களைத் தாண்டி படகுத்துறை வரை போய்த் திரும்புவேன். ஒரு மாதத்தில் கன்னம் ஒட்டிப்போய்விட்டது. அங்கே குளிக்கத் தண்ணீர் சிரமம் என்றார்கள். இடுப்பு வரை இருந்த முடியை, அம்மா அழ அழ, காதளவுக்கு வெட்டிக்கொண்டேன். தடுப்பூசிகள் வேறு வரிசையாகப் போட வேண்டியிருந்தது. எர்ணாகுளத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்கு வாரா வாரம் போவேன். இரண்டாவது ஊசிக்குக் காய்ச்சல் வந்து, ஆட்டோவில் அத்தாவின் தோளில் சாய்ந்தபடி வீடு திரும்பினேன். இதையெல்லாம் தெருவே பார்த்துக்கொண்டிருந்தது என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

பணம் திரட்ட வழி சொன்னவன் சாச்சாவின், அதாவது சித்தப்பாவின், மகன், என்னைவிட நாலு வயது மூத்தவன். பக்கத்துத் தெரு இளைஞர் மன்றத்தில் அவன்தான் எல்லாம். “பிரியாணி சாலஞ்ச் நடத்திடலாம்” என்றான்.

கேரளாவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டும். ஒருவருக்குப் பெரிய நோய் வந்து சிகிச்சைக்கு வழியில்லை என்றால், மன்றத்துப் பையன்கள் வாட்ஸ்அப்பில் போஸ்டர் போடுவார்கள். அதில் நோயாளியின் படம் இருக்கும். வீட்டுக்கு வீடு முன்கூட்டியே பிரியாணிப் பொட்டலத்துக்கு ஆர்டர் எடுத்து, ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகச் சமைத்து, ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். மிஞ்சுவது சிகிச்சைக்கு. அன்றைக்கு அந்தப் பகுதியில் பாதி வீட்டில் அடுப்பு எரியாது. மூன்று பேர் இருக்கிற வீட்டில் ஆறு பொட்டலம் வாங்குவார்கள். பள்ளிக்கூட பஸ் வாங்கவும், மன்றத்துக்குக் கூரை போடவும்கூட எங்கோ நடத்தியிருக்கிறார்கள் என்று அவன் சொன்னதால் எனக்கும் தைரியம் வந்தது.

போஸ்டரையும் அவனே செய்தான். புதிதாக எதற்கு என்று, முன்பு ஒரு சிகிச்சைக்காகப் போட்ட போஸ்டரையே எடுத்துப் படத்தை மட்டும் மாற்றிவிட்டான். விசாவுக்காக எடுத்த படம், சிரிக்கக் கூடாது என்று சொல்லி எடுத்தது. வட்டத்துக்குள் ஒட்டிய கன்னத்தோடு நான் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே பெரிய எழுத்தில், நம் சகோதரிக்காகக் கைகோர்ப்போம் என்று இருந்தது. கீழே சின்னதாக, அவள் ஜூலையில் வெளிநாடு போகிறாள், பத்து வாரம், தண்ணீர்த் திட்டம் என்று எல்லா விவரமும் சரியாகத்தான் இருந்தது. அதுவரைக்கும் யார் படிக்கிறார்கள்?

ஆர்டர் குவிந்தது. அவன் எதிர்பார்த்ததைப்போல இரண்டு மடங்கு. தெருவில் எல்லாரும் என்னிடம் காட்டிய பிரியத்தைப் பார்த்து நான் திக்குமுக்காடிப் போனேன். மீன்காரச் சேட்டன் ஒரு பெரிய கரிமீனை வாழையிலையில் சுற்றிக் கொடுத்து, மோளுக்கு, அதாவது மகளுக்கு, நல்லது என்று சொல்லிவிட்டுக் காசு வாங்காமல் போனார். ஆட்டோக்காரர் நான் இறங்கும்போது என் பையைத் தூக்கி வந்து வாசலில் வைத்தார். பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் ஃபோன் பண்ணி, எதுவுமே பேசாமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்துவிட்டு வைத்துவிட்டார். மாதுளம்பழமாக வந்து சேர்ந்தது. ஆப்பிரிக்காவில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் குழாய் போடுவதில் மட்டாஞ்சேரிக்காரர்களுக்கு இவ்வளவு அக்கறையா என்று ஒரே குழப்பம். ஆனால் பெருமையாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு நாலைந்து நாள் முன்பு, எதிர் வீட்டு இத்தா வந்தார். இத்தா என்றால் அக்கா. அவருக்கு நாற்பது வயசு இருக்கலாம். மலையாளத்துக்காரர்தான், எங்களோடு பழகிப் பழகிப் பாதி தமிழ் பேசுவார். கையில் ஒரு டப்பா பேரீச்சம்பழம், சின்ன பாட்டிலில் மக்காவிலிருந்து வந்த ஜம்ஜம் தண்ணீர். அம்மா சாயா போட உள்ளே போனதும், கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் ஷாலை மெதுவாக விலக்கி, வெட்டின முடியைத் தடவினார்.

“பேடிக்கண்டா மோளே, பயப்படாத. முடியெல்லாம் வரும். எனக்கு முன்ன இருந்ததைவிட அடர்த்தியா வந்துச்சு, பாரு.”

இத்தாவுக்கு மூன்று வருடம் முன்பு புற்றுநோய் வந்து சரியானது எங்களுக்கெல்லாம் தெரியும். அவருக்காக நடந்த பிரியாணி சாலஞ்சில் நானும் பொட்டலம் கட்டியிருக்கிறேன். அவர் என்னை என்னவென்று நினைத்துக்கொண்டு வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் மட்டுமில்லை, மீன்காரர், டீச்சர், மாதுளம்பழம் எல்லாம் ஒவ்வொன்றாக விளங்க ஆரம்பித்தது.

“இத்தா, எனக்கு ஒண்ணும் இல்ல.”

“நானும் அப்படித்தான் சொல்லிட்டு நடந்தேன்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. வெளிநாட்டு சிகிச்சைக்குப் போவதாகத் தெருவே பேசுகிறதாம். நான் மறுக்க மறுக்க அவர் கண் கலங்குகிறது. கடைசியில் அம்மா சாயாவோடு வந்து, அமைப்பின் மெயிலையும் குழாய் பதிக்கிற படங்களையும் ஃபோனில் காட்டி, நடந்ததை விளக்கினார். நான் சிரித்தேன். அவரும் சிரிப்பார் என்று நினைத்தேன்.

இத்தா சிரிக்கவில்லை. எழுந்து நின்றுவிட்டார். “மோளே, நீ எங்க வேணா போ. அதுக்கு இந்த பிரியாணி வேண்டா. நான் கிடந்தப்ப இந்த ஆளுங்க பிரியாணி வாங்கித்தான் என்னை எழுப்பி நிக்க வெச்சாங்க. நாளைக்கு இன்னொருத்தி கிடக்கும்போது, இது நெசமா, டூரான்னு கேப்பாங்க. அப்ப அவ என்ன செய்வா?”

தனக்கு எழுதிய ஆர்டரை வெட்டிவிடச் சொல்லிவிட்டு, சாயாவைத் தொடாமலே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டில் பஞ்சாயத்து. சாச்சா மகன், நாம் பொய் சொல்லவில்லையே, போஸ்டரில் எல்லாம் இருக்கிறதே என்றான். அது உண்மை. சமையலுக்குப் பண்டாரியிடம், அதாவது பிரியாணிச் சமையல்காரரிடம், சொல்லியாகிவிட்டது. அரிசிக்கும் கோழிக்கும் சொல்லியாகிவிட்டது. இப்போது ஊரைக் கூட்டி விளக்கினால் ஆர்டர் பாதியாகும், என் இடம் போய்விடும். அதுவும் உண்மை. இத்தா சொன்னதும் உண்மை. மூன்றையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்த்தேன். யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியதே தவிர ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை. நான் ஒரு தப்பும் செய்யவில்லை, ஆனாலும் தப்பு செய்த மாதிரி இருந்தது. எனக்குக் கோபம்கூட வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

முதலில் வாட்ஸ்அப்பில் ஒரு விளக்கம் போட்டுப் பார்த்தோம். எனக்கு நோய் எதுவும் இல்லை, இது தொண்டுப் பயணம் என்று நானே எழுதினேன். பதிலுக்குக் கூப்பிய கைகளாக வந்து விழுந்தன. இந்த மனதைரியம்தான் வேண்டும், நீ ஜெயிப்பாய் என்று ஒருவர் எழுதியிருந்தார்.

அதைப் படித்துக் காட்டியதும் அத்தா ஃபோனை வாங்கிக் கவிழ்த்து வைத்தார். “நல்லா இருக்கிற புள்ளைக்கு நோய்னு ஊரே அழுதுட்டு இருக்கு. அது பலிச்சிடுமோன்னு எனக்குக் குலை நடுங்குது. மத்ததை அப்புறம் பாத்துக்குவோம்” என்றார்.

மறுநாள் அறிவிப்பு ஆட்டோவைக் கூட்டிவந்துவிட்டார். கூரையில் இரண்டு ஒலிபெருக்கி கட்டின ஆட்டோ. லாட்டரிக்கும் பொதுக்கூட்டத்துக்கும் வருமே, அதேதான். அறிவிப்பாளர் ஒருவர் இருந்தார், நல்ல கணீர்க் குரல். ஆனால் அவர் எழுதிக்கொண்டு வந்ததைப் படித்ததும் அதுவும் நோய் அறிவிப்பு மாதிரியே ஒலித்தது. அத்தா மைக்கை வாங்கிக்கொண்டார். இத்தனை வருடம் இங்கே இருந்தும் அவருடைய மலையாளத்தில் கம்பம்தான் அடிக்கும். அதனாலேயே நாலு பேர் கூடினால் வாய் திறக்க மாட்டார். அப்படிப்பட்டவர் முன் சீட்டில் திரும்பி உட்கார்ந்து, தெருத்தெருவாகப் பேசிக்கொண்டே வந்தார். என் மகளுக்கு ஒரு நோயும் இல்லை. அல்லாவின் கிருபையால் நன்றாகச் சாப்பிடுகிறாள். ஆப்பிரிக்காவில் குழி வெட்டப் போகிறாள், சம்பளம் இல்லை. பிரியாணி அதற்குத்தான். நோய் என்று நினைத்து ஆர்டர் கொடுத்தவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிடலாம், எங்களுக்கு வருத்தம் இல்லை. இவ்வளவுதான் செய்தி. இதையே மாற்றாமல் திரும்பத் திரும்பச் சொன்னார்.

என்னைப் பின் சீட்டில் உட்கார வைத்திருந்தார், சாட்சிக்கு. பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டேனா என்று இருந்தது. ஜனங்கள் ஜன்னலிலும் மாடியிலும் வந்து நின்று பார்த்தார்கள். சிலர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மசாலாக் கடைக்காரர் ஒருவர் ஆட்டோவை நிறுத்தி, குனிந்து என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, திடமாத்தான் இருக்கா என்றார். அன்றைக்கு அதைவிட நல்ல வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை. கோபப்பட்டவர்களும் இருந்தார்கள். ஒரு அம்மாள், என் தொழுகையில் எல்லாம் உனக்காக துஆ கேட்டேனே என்று சொல்லிவிட்டுப் படாரென்று கதவைச் சாத்திக்கொண்டார். துஆவைத் திருப்பித் தர எனக்கு வழி தெரியவில்லை.

சாயங்காலத்துக்குள் ஆர்டர் பாதிக்கும் கீழே போனது. என் இடம் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சொன்ன வாக்குக்காக, மீதி இருந்தவர்களுக்குச் சமைத்துக் கொடுத்தாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சுபுஹு, அதாவது விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் மன்றத்துக்குப் பின்னால் அடுப்பு மூட்டினார்கள். பொதுவாக சாலஞ்ச் நாளில் வெங்காயம் நறுக்க யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் விடிவதற்குள் தாங்களாகவே வந்துவிடுவார்கள். அன்றைக்கு அம்மாவும் நானும் சாச்சியும்தான். எதிரே மூட்டை மூட்டையாக வெங்காயம். பண்டாரி இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்து, நெற்றியைச் சொறிந்துவிட்டுப் போனார். எனக்கு அழுகை வந்தது. வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு அழுதேன்.

அப்போது எதிரே பலகை போடும் சத்தம் கேட்டது. நிமிர்ந்தால் இத்தா. வீட்டிலிருந்து பலகையும் கத்தியும் எடுத்து வந்திருந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்து ஒரு வெங்காயத்தை எடுத்து உரித்தார். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“ஆர்டர் வேண்டான்னது வேண்டான்னதுதான்” என்றார் இத்தா. கை பாட்டுக்கு நறுக்கிக்கொண்டிருந்தது.

அவர் நறுக்குகிற வேகத்துக்கு நாங்கள் மூன்று பேரும் சேர்ந்தும் ஈடாகவில்லை. பிறகு தலை நிமிராமலே கேட்டார்.

“அங்க குழி வெட்ட ஆளில்லையா?”

“இருக்காங்க இத்தா.”

“அப்ப நீ எதுக்கு?”

விண்ணப்பத்தில் நான் எழுதிய பெரிய பெரிய வாக்கியங்கள் எல்லாம் நினைவுக்கு வந்தன. அவருக்கு முன்னால் அவற்றில் ஒன்றைக்கூடச் சொல்ல முடியவில்லை. “தெரியல இத்தா” என்றேன்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். கத்தியில் ஒட்டின சருகை ஷாலில் துடைத்துவிட்டு, முதல் தடவையாக என்னைப் பார்த்தார்.

“எனக்கும் தெரியல, நான் எதுக்கு இங்க வந்தேன்னு. வரமாட்டேன்னுதான் இருந்தேன். பள்ளிவாசல்ல பாங்கு கேட்டது, தொழுதேன், கத்தியை எடுத்துட்டு வந்துட்டேன்.”

சாச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தாவும் லேசாகச் சிரித்தார். ஆனால் சமாதானம் ஆகிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். அன்று மதியம் வரை இருந்து பொட்டலம் கட்டினார், எல்லாம் முடிந்தபின் எங்களோடு ஒரே தாலத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். கிளம்பும்போது, இருந்தாலும் நீ செய்தது சரியில்லை என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

பங்கு நிறையவில்லை. நடந்ததை அப்படியே அமைப்புக்கு எழுதினேன். சிரித்தார்களோ என்னவோ, அந்தக் குழுவில் இடம் இல்லை, ஆனால் அடுத்த குழுவில் சேர்த்துக்கொள்கிறோம், அதற்குள் மீதியைத் திரட்டு என்று பதில் வந்தது. இந்தத் தடவை பிரியாணி இல்லை. அத்தாவின் கடையில் மிஞ்சிய துணியில் பைகள் தைத்து, இன்ன காரணத்துக்கு என்று முகத்துக்கு நேரே சொல்லி விற்றேன். அப்படித்தான் போய்ச் சேர்ந்தேன். குழி வெட்ட அங்கே ஆள் இருந்தார்கள், என்னைவிட ரொம்ப நன்றாக வெட்டினார்கள். நான் அவர்களுக்குப் பக்கத்தில் நின்று வெட்டினேன்.

இத்தா பயந்த மாதிரி நடக்கவில்லை. நான் கிளம்புவதற்கு முன்பே ஒரு சுமைத்தொழிலாளிக்காக சாலஞ்ச் நடந்தது. யாரும் சந்தேகப்படவில்லை. ஆட்டோவில் வந்து உண்மையைச் சொன்ன தெருவாயிற்றே என்று ஜனங்கள் ஆர்டர் கொடுத்ததாக சாச்சா மகன் சொல்கிறான். அவன் எல்லாவற்றையும் கொஞ்சம் ஊதித்தான் சொல்வான். இருந்தாலும் எங்கள் பகுதிப் போஸ்டர்களில் இப்போதெல்லாம் முதல் வரியிலேயே, சிகிச்சைக்காக என்று பெரிதாகப் போடுகிறார்கள்.

நான் செய்தது சரியா தப்பா என்ற குழப்பம் எனக்கு இன்றும் தீரவில்லை. ஆனால் என்னைத் தப்பு என்று சொல்லிக்கொண்டே என் வெங்காயத்தை நறுக்க ஒருத்தர் வந்து உட்கார்ந்தாரே, அந்தக் காலையை நினைக்கும்போதெல்லாம், என்னோடு ஒத்துப்போகாதவர்களின் வீட்டுக்கும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு போய் உட்கார எனக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றுகிறது.